எண் போடாத கேள்விக்குப் பதில் இல்லை

ஆமையைச் செய்த கம்பெனி மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் ஆமை வைத்திருக்கிறவர்கள் மட்டும் அதை விடுவதாக இல்லை. ஆமை என்பது ஒரு ஸ்கூட்டர். கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தான். உருண்டை முதுகும், அவசரமே இல்லாத ஓட்டமும், மழை பெய்தால் நடுவழியில் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் குணமும் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர்தான் நின்றது.

ஆமைக்காரர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதன் நிர்வாகியை எல்லோரும் கிளட்ச் அக்கா என்பார்கள். அவள் பகல் முழுக்க ஓர் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நிற்கிறவள். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் அவள் கணவர் வண்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். அந்த வீட்டில் பேசவேண்டிய இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசித் தீர்த்தாள்.

மன்றத்துக்கு இரண்டே விதி. முதல் விதி, எண் போடாத கேள்விக்குப் பதில் இல்லை. அந்தக் கம்பெனி வருடத்துக்கு வருடம் எஞ்சினுக்குள் எதையாவது யாருக்கும் சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் எந்த சாமான் பொருந்தும் என்று சொல்ல முடியும். முதலில் அந்த எண்ணைக் கேள்வியோடு எழுதச் சொல்லியிருந்தாள். ஆட்கள் ஒரு எண்ணை விட்டும் ஒரு எண்ணைச் சேர்த்தும் எழுதி அவள் உயிரை வாங்கினார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் விதியைத் திருத்தினாள். எழுதவே வேண்டாம், எண் பொறித்த இடத்தைப் படம் எடுத்துப் போட்டால் போதும். எல்லோரும் அவளைப் பாராட்டித் தள்ளினார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

இரண்டாவது விதி, கதை வேண்டாம். எங்கள் அப்பா காலத்து வண்டி, இதில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன் என்று எவராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டிக்கு என்ன நோவு என்று கேட்டால் வம்சாவளியைச் சொல்கிறார்களே என்று கவுண்டரில் நிற்கிறவர்களிடம் புலம்புவாள். மன்றத்தில் "கதை வேண்டாம்" என்று இரண்டே வார்த்தை போடுவாள். போட்ட வேகத்தில் எதிராளி அடங்கிப்போவார்.

அந்த மன்றத்தின் மென்பொருள் அவள் கவுண்டரைவிடப் பழையது. இனிமேல் தாங்காது, புதியதற்கு மாறியே ஆகவேண்டும் என்று அவள் கணவரின் தம்பி ஒற்றைக் காலில் நின்றான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். முப்பது வயதாகியும் பெயர் வளரவில்லை. ஒரு புதன்கிழமை காலை அவன் மடிக்கணினியோடு வந்து கடையில் அடுக்கியிருந்த டயர்களின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணி, எல்லாம் மாத்தியாச்சு. இந்த அலர்ட் மட்டும் பாக்கி. மொத்தம் நாப்பத்தி மூணு இருக்கு."

"அலர்ட்டா? அது எதுக்குடா?"

"ஒருத்தர் தினமும் வந்து தேடிட்டே இருக்க முடியாதில்ல? ஒரு வார்த்தையைக் குடுத்து வச்சிட்டுப் போயிடுவார். அந்த வார்த்தை மன்றத்துல எங்க வந்தாலும், மன்றமே அவருக்கு மெயில் போட்டுக் கூப்பிடும். மணி அடிக்கற மாதிரி."

இத்தனை வருடம் மன்றத்தை மேய்த்தவளுக்கு இப்படியொரு கதவு இருப்பதே தெரியாது. பட்டியலைக் காட்டு என்று எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சுவாரஸ்யமாக இருந்தது. யாருக்கு எது வேண்டும் என்பது அத்தனையும் அங்கே வரிசையாக நின்றது. சைலன்சர், சைடு ஸ்டாண்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள். ஒருவர் "இலவசம்" என்ற வார்த்தைக்கு மணி கட்டியிருந்தார். ஒருவர் தன்னுடைய புனைபெயருக்கே கட்டியிருந்தார், தன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று காவல் காக்க. ஒரு அப்பாவி "ஆமை" என்று கொடுத்திருந்தார். ஆமை மன்றத்தில் ஆமை என்ற சொல் வராத பதிவு ஏது? அவருடைய அஞ்சல்பெட்டி என்ன பாடு படுகிறதோ என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

"இது யார், ஏழு பேர் 'கிளட்ச் அக்கா'ன்னு போட்டிருக்காங்க?"

"நீங்க எங்க எப்போ திட்டறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் அண்ணி. தப்பிச்சு ஓட நேரம் வேணுமில்ல."

அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அவள் கடைசி வரிக்கு வந்தாள். அங்கே வார்த்தையே இல்லை. 240718 என்று ஓர் எண் மட்டும் இருந்தது. வைத்தவரின் புனைபெயர் பின்சீட்டு. வைத்து ஒன்பது வருடம். அடித்த தடவை, பூஜ்யம்.

"இது எஞ்சின் எண்ணுடா. ரெண்டாம் வருஷத்து எஞ்சின். ரெண்டுல ஆரம்பிக்குது பாரு."

"யாரோ வச்சிட்டு மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"மறந்தா எப்படி இவ்வளவு நாள் இருக்கும்?"

சின்னவன் தட்டிப் பார்த்தான். பழைய மென்பொருளில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் தேடலுக்கு எதுவும் கிடைக்கவில்லை, தொடர்ந்து தேடவா என்று ஒரு கடிதம் போகும். "தொடர்க" என்ற பொத்தானை அமுக்கினால்தான் மணி உயிரோடு இருக்கும். பின்சீட்டு முப்பத்தாறு முறை அமுக்கியிருந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மன்றத்தில் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. அமுக்கியது மட்டும்தான்.

அவளுக்கு மண்டை குடைந்தது. திருட்டுப்போன வண்டியாக இருக்குமோ? ஒன்பது வருடம் யார் காத்திருப்பார்கள், அதற்குள் திருடனே கிழவனாகியிருப்பானே. விற்றுவிட்டு வருத்தப்படுகிற ஆளோ? ஒருவேளை அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைச் சேகரிக்கிற பைத்தியமோ? அப்படியும் இரண்டு பேர் மன்றத்தில் உண்டு. மதியம் வரை அவள் பிரேக் ஷூ கேட்டவருக்கு பல்பும், பல்பு கேட்டவருக்கு கேபிளும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு சிக்கல் அண்ணி," என்றான் சின்னவன். "ஒரு தடவையாவது அடிச்ச மணியைத்தான் புது மென்பொருள் தானா எடுத்துக்கும். அடிக்காததை எல்லாம் குப்பைன்னு தள்ளிடும். இந்த ஒண்ணு போயிடும்."

"போகக் கூடாது. முப்பத்தாறு தடவை ஒருத்தர் விடாம அமுக்கியிருக்கார், நாம ஒரே அமுக்கா அமுக்கிடறதா? கையால ஏத்து."

ஏற்றினான். ஏற்றியது வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டுமே. அவளுக்குக் கை அரித்தது. அவளும் சின்னவனும் மட்டும் பார்க்கும் மூடிய அறை ஒன்று மன்றத்தில் உண்டு. அங்கே எழுதினால் வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. மணியைத் தட்டிப் பார்க்க, மன்றத்தில் வேறெங்கும் வராத எண் ஒன்று வேண்டும். அது கண்ணெதிரே இருந்தது. மெனக்கெட்டு நிஜக் கேள்வி போலவே எழுதினாள்.

"எஞ்சின் எண் 240718. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. கார்புரேட்டர் சுத்தம் செய்தாகிவிட்டது. என்ன செய்யலாம்?"

புது மென்பொருள் அறை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தது, அடித்தது. சோதித்துப் பார்க்கிற அவசரத்தில், மணி அடிப்பது அடுத்தவர் வீட்டில் என்பதை அவள் மறந்தே போனாள். சின்னவன் "அண்ணி, மெயில் போயிடுச்சு" என்று வெளுத்த முகத்தோடு சொன்னபோதும் அவளுக்கு முழுதாக உறைக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் தனிச்செய்தி ஒன்று வந்தது. ஒன்பது வருடத்தில் பின்சீட்டு எழுதிய முதல் வரிகள்.

"ஐயா, 240718 உங்களிடமா இருக்கிறது? விலைக்கு வாங்கினீர்களா, முதலிலிருந்தே நீங்கள்தான் ஓட்டுகிறீர்களா? ஓட்டுகிறவர் நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும். வேறொன்றும் கேட்க மாட்டேன். கடிதத்தில் வந்த இணைப்பைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது."

அவள் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று.

"மேட்டில் மூச்சு வாங்குவது அந்த வண்டிக்கு முதலிலிருந்தே உண்டு. பழுது இல்லை. எங்கள் அப்பா இரண்டாவது கியரிலேயே ஏற்றுவார். அப்படிச் செய்து பாருங்கள்."

பொய்க் கேள்விக்கு ஒரு ஜீவன் நிஜமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இல்லாத மேட்டில் இல்லாத வண்டியை ஏற்றிவிடுகிறது.

"எல்லாத்தையும் அழிச்சிடலாம் அண்ணி," என்றான் சின்னவன் மெதுவாக. "ஏதோ கோளாறுன்னு நெனச்சுப்பாங்க."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் அதற்கப்புறமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "தொடர்க" அமுக்குவார் என்பதை நினைத்தால் சோறு இறங்காது. நான்கு வார்த்தைக்கு மேல் எழுதிப் பழகாதவள் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தாள். நான்காவது தடவை அனுப்பினாள்.

"நான் மன்றத்தின் நிர்வாகி. அது சோதனைக்காக நான் எழுதிய பொய்க் கேள்வி. வண்டி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெரிய தப்பு செய்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்."

ஒரு மணி நேரம் கழித்து "பரவாயில்லை" என்று ஒரே சொல் வந்தது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஒரு திட்டு வந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. தொலைபேசியில் பேசலாமா என்று கேட்டாள். மறுநாள் மதிய இடைவேளையில் அழைக்கச் சொல்லி எண் வந்தது.

பின்சீட்டு ஒரு பெண். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பேசும்போது பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தமும் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும் கேட்டன. கழுவிக்கொண்டே பேசினாள்.

"கோபமெல்லாம் இல்லக்கா. மெயிலைப் பாத்ததும் கையில இருந்த குடுவையைக் கீழ போட்டுட்டேன். அது ஒண்ணுதான் நஷ்டம்."

"நீ யாரைம்மா தேடறே?" அவள் நேராகக் கேட்டாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

"யாரையும் தேடலக்கா. வண்டியைத்தான் தேடறேன்."

அப்புறம் அந்தப் பெண் சொன்னாள். அண்ணன் ஒருத்தியை விரும்பினான். அப்பா கூடாது என்றார். பள்ளிக்கூட வாத்தியார், சொன்ன சொல்லை மாற்றாதவர். வீட்டுக்குள்ளேயே இரண்டு பேரும் ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அப்படியே ஒருநாள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, இவள் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அப்பா உன்னாலதான் போனார்.

"அப்ப எனக்கு இருவத்தி ரெண்டு வயசு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அவன் அப்பாவோட வண்டிச் சாவியை எடுத்தான்க்கா. இனிமே என்னைத் தேடக் கூடாது, சத்தியம் பண்ணுன்னான். நானும் வீம்புக்குப் பண்ணிட்டேன்."

ஒரு குடுவையை அலசி வைக்கும் சத்தம் கேட்டது.

"அவனைத் தேடக் கூடாதுன்னுதான் சத்தியம். வண்டியைத் தேடக் கூடாதுன்னு அவன் சொல்லலையே. அவன் அந்த வண்டியை விக்கவே மாட்டான். அதுக்கு சாமானும் எங்கயும் கிடைக்காது. என்னைக்காவது உங்க மன்றத்துக்கு வந்துதானே ஆகணும்? வந்து கேள்வி கேட்டா எண் போட்டுத்தானே ஆகணும்? அதான் உங்க ரூல் ஆச்சே. அதை நம்பித்தான் மணியைக் கட்டி வச்சேன்."

ஆமாம் என்று சொல்ல நிர்வாகி வாயைத் திறந்தாள். அதற்குள் தான் திருத்திய விதி நினைவுக்கு வந்தது. எண்ணை எழுத வேண்டாம், படம் போட்டால் போதும். ஆறு வருடத்துக்கு முன்னால், எல்லோரும் பாராட்டிய அன்று, அந்தப் பெண்ணின் மணியின் நாக்கை அவளே பிடுங்கியிருக்கிறாள். படத்துக்குள் இருக்கும் எண்ணை மணி எப்படிப் படிக்கும்?

மறைத்துப் பேச அவளால் முடியவில்லை. சொன்னாள். அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்போ ஆறு வருஷமா அது அடிக்கவே அடிச்சிருக்காதா?"

"அடிச்சிருக்காதும்மா. படத்துல இருக்கறதை மனுஷக் கண்ணுதான் படிக்கணும். இப்ப நான் படிக்கறேன். ஒரு வாரம் குடு. அடையாளம் ஏதாவது இருந்தா சொல்லு."

"அப்பா சட்டைப் பையில எப்பவும் ஒரு சாக்பீஸ் இருக்கும். எண் சரியாத் தெரியலன்னா அது மேல சாக்பீஸைத் தேச்சு, துணியால துடைப்பார். பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும். அண்ணனும் அப்படித்தான் செய்வான்."

படம் போட்ட கேள்விகள் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கணினியையே படிக்கவைக்கலாம் என்று சின்னவன் ஏதோ செய்து பார்த்தான். அது கீறலை ஒன்று என்றும் எண்ணெய்ப் பிசுக்கை எட்டு என்றும் படித்தது. தூக்கிப் போடு என்றாள். கடைக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டே கவுண்டரில் அவளும், டயர் மேல் சின்னவனும், பட்டறையில் கைபேசியை ஒரு டப்பாவின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கணவரும் பங்கு போட்டுப் பார்த்தார்கள். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. எஞ்சினின் பக்கவாட்டு மூடியைப் பார்ப்பார், இரண்டாம் வருடத்தது இல்லையென்றால் "ம்ஹும்" என்று தள்ளிவிடுவார். வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

என்னென்ன படங்கள்! எண்ணின் பாதியை மறைத்த கட்டை விரல்கள், எண்ணைத் தவிர மற்ற எல்லாம் தெளிவாகத் தெரியும் படங்கள், எஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து எண்ணைப் பார்க்கவே விடாத ஒரு பூனை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மூன்று நாள் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் கேள்விகளுக்கு அடியில் தன்னுடைய "கதை வேண்டாம்" வந்துகொண்டே இருந்தது. இத்தனை தடவையா சொன்னோம் என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

நான்காம் நாள் மதியம் ஒரு படம் திறந்தது. கறுத்த உலோகத்தில் ஆறு எண்கள் பளிச்சென்று வெள்ளையாக நின்றன. பள்ளத்தில் மட்டும் வெள்ளை. 240718. நான்கு வருடத்துக்கு முந்தைய பதிவு. கேட்டவர் பெயர் ஸ்டெப்னி. தலைப்பு, முன்னால் ஒரு கைப்பிடி.

"வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது. வண்டியில் முன்னால்தான் நிற்பேன் என்கிறாள். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. சின்ன வயதில் என் தங்கை இதே இடத்தில் நின்றுகொண்டு வருவாள். ஒருநாள் அப்பா சட்டென்று பிரேக் போட்டதில் அவள் தாடை கிழிந்து ஐந்து தையல். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால் ஒரு கைப்பிடி பொருத்த வேண்டும். எப்படிச் செய்யலாம்?"

அதற்கடியில் நிர்வாகியின் பதில். "கதை வேண்டாம். கம்பியின் அளவு சொல்லவும்."

அதற்கடியில் ஸ்டெப்னி. "மன்னிக்கவும். முக்கால் அங்குலம்."

அவள் எப்படிப் பொருத்துவது என்று சொல்லியிருந்தாள். அவன் நன்றி என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவன் மன்றத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்கு முகம் சுட்டது. எத்தனை வருடம் கழித்து ஒரு மனுஷன் தங்கை என்ற வார்த்தையை எடுத்திருக்கிறான், அதையும் யாரென்றே தெரியாத கூட்டத்தில். எடுத்த வாயை அடைத்தது இவள் கைதான். எப்போது வந்தாரோ, கணவர் பின்னால் நின்று துணியில் கையைத் துடைத்தபடி படித்துக்கொண்டிருந்தார்.

"கைப்பிடி எதுக்குன்னு காரணத்தைச் சொல்லியிருக்கார்," என்றார். "நீ கதைன்னுட்டே."

அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. பேசிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். அந்தப் பதிவை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினாள், தன் பதிலையும் சேர்த்து.



"பொண்ணாக்கா?"

"பொண்ணுதாம்மா."

"அப்போ நான் அத்தை." சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. "ஏழு வருஷமா அத்தையா இருந்திருக்கேன், எனக்கே தெரியாம. அந்தத் தையல் இன்னும் இருக்குக்கா. அதை அவன் மனசுல வச்சிருப்பான்னு நான் நெனச்சதே இல்ல."

நிர்வாகி குரலைத் தாழ்த்தினாள். "அவரோட மெயில் முகவரி என்கிட்ட இருக்கு. யாருக்கும் குடுக்கறதில்ல. ஆனா நீ கேட்டா..."

"வேண்டாம்க்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

இதுவும் வாத்தியார் வீட்டுப் பெண்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்றாது.

"சரி, தேட வேண்டாம். ஆனா மன்றத்துல ஒருத்தர் கேள்வி கேட்டிருக்கார். நான் சரியாப் பதில் சொல்லல. யார் வேணும்னாலும் பதில் சொல்லலாம். பதில் வந்தா கேட்டவருக்கு மணி அடிக்கும். அது மன்றத்தோட வேலை, உன் வேலை இல்ல. பழைய பதிவுன்னு பூட்டி வச்சிருக்கோம். நான் திறந்து விடறேன்."

அன்று மாலை கடை சாத்துவதற்குள் பின்சீட்டு மன்றத்தில் தன் முதல் பதிவை எழுதினாள்.

"முன்னால் நின்ற பெண்ணுக்கு இப்போது ஏழு வயது இருக்கும். பின்சீட்டுக்குப் போயிருப்பாள். அங்கேயும் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, அண்ணன் முதுகைத் தவிர. எனக்குத் தெரியும். பின்னாலும் ஒரு கைப்பிடி போடவும். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. உன்னால் இல்லை. அடுத்த தடவை கேள்வி கேட்டால் எண்ணைப் படமாகப் போடாதே, எழுதிப் போடு. படம் போட்டால் எனக்கு மணி அடிக்காது."

முதல் விதிப்படி எண் இல்லை. இரண்டாம் விதிப்படி முதலிலிருந்து கடைசி வரை கதை. நிர்வாகி அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. சின்னவனைக் கூப்பிட்டு, தன் பெயரிலும் ஒரு மணி கட்டச் சொன்னாள். எந்த வார்த்தைக்கு அண்ணி என்று அவன் கேட்கவே இல்லை.

நாள் போகப் போகத்தான் காத்திருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. கைபேசி சிணுங்கினால் போதும், வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஒருவர் தவறிப்போய் கதையோடு கேள்வி கேட்டார். அவள் திட்டவில்லை. கிளட்ச் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஏழு பேர் விசாரித்தார்கள். அண்ணன்காரன் பழைய மெயில் முகவரியையே விட்டிருப்பானோ, படித்துவிட்டுச் சும்மா இருக்கிறானோ என்று அவள் மனம் அலைபாய்ந்தது. நான்கே நாளில் இவள் பாடு இப்படியென்றால், ஒன்பது வருடம் அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்று நினைக்கவே மலைப்பாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒருவர் பிரேக் ஷூ கேட்டு நின்றுகொண்டிருந்தார். கைபேசியில் மணி அடித்தது. உங்கள் தேடல் 240718. புதிய பதிவு ஒன்று.

அவள் அதைத் திறப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பின்னால் பள்ளிக்கூடத்தின் காலை இரைச்சல்.

"அக்கா," என்றது குரல். மூச்சு வாங்கியது. "எனக்குத் திறக்கப் பயமா இருக்கு. இது மறுபடியும் நீங்க சோதனை போட்டதா?"

"இல்லம்மா. சத்தியமா நான் போடல. சின்னவனும் போடல."

"அப்போ நீங்களே படிங்க."

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பிரேக் ஷூ கேட்டவரும் காரணம் தெரியாமல் காது கொடுத்து நின்றார்.

"எஞ்சின் எண் 240718. பின்னால் கைப்பிடி போட வேண்டும். பெண்ணுக்கு ஏழு வயது, ஆனால் அத்தை மாதிரிக் குட்டை. எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று அத்தையே சொல்லவும்."

அந்தப் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில், "என்ன எழுதறதுக்கா?" என்று வந்தது.

"அளவு சொல்லும்மா," என்றாள் கிளட்ச் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கதையோட சொல்லு."